பிரித்து மாட்டும் பழைய மோல்டன் சைக்கிளில் நாயை ஏற்றலாமா? கேள்வி பதில்

இங்கிலாந்தில் 1960களில் வந்த மோல்டன் ஸ்டோஅவே சைக்கிள் சிலர் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதில் நாயை உட்கார வைத்துப் போகும்படி மாற்ற முடியுமா என்று நம் ஆட்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த வண்டிகளை ஓவராயில் பண்ணிப் பழகியவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, இது மடக்கு சைக்கிள்தானே? நாய்க்கு இதைவிடப் பெரிய வண்டி நல்லது இல்லையா? (இல்ஃபோர்ட்)

மடக்குவது இல்லை தம்பி, நடுவில் இரண்டாகப் பிரிப்பது. 1959இல் வந்த மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் செய்து கொடுத்த அலெக்ஸ் மோல்டன்தான் 1962இல் இந்தச் சின்னச் சக்கர சைக்கிளையும் கொண்டுவந்தார். சக்கரம் 16 அங்குலம். குலுக்கலைத் தாங்க முன்னும் பின்னும் ரப்பர் உண்டு.

நாய்க்கு இது ஏன் பொருத்தம் என்றால், சக்கரம் சின்னதாக இருப்பதால் அதற்கு மேலே இடம் நிறைய மிஞ்சுகிறது. பெட்டி தாழ்வாக உட்காரும், பாரமும் தாழ்ந்தே இருக்கும். இன்னொன்று, மோல்டனுக்கென்று செய்த முன் கேரியர் ஹேண்டில்பாரில் தொங்காது, ஃபிரேமோடு சேர்ந்து நிற்கும். ஹேண்டிலைத் திருப்பினாலும் பெட்டி திரும்பாது. நாய் உள்ளே புரண்டு படுத்தால் அந்த அசைவு உங்கள் கைக்கு வந்து சேராது. நாய் ஏற்றுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கடையில் ஹேண்டிலில் மாட்டும் பிரம்புக் கூடை கிடைக்கிறது. அதையே வாங்கி மாட்டிவிட்டால் என்ன?

வேண்டாம். இந்த வண்டியின் முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் தண்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பிரிங், ரப்பர், அதை வழிநடத்த நைலான் புஷ், அதாவது உள்ளே செருகிய ஒரு வளையம். அந்த நைலான் தேய்ந்தால் ஹேண்டில் லேசாக ஆடும், பழைய வண்டிகளில் இது சகஜம். அதன்மேல் உயிருள்ள, அசைகிற பாரத்தை ஏற்றினால் ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது.

பிரம்புக் கூடைதான் பிடிக்கும் என்றால் அதையே ஃபிரேம் கேரியர் மேல் வையுங்கள். அடியில் கூடை அளவுக்கு வெட்டிய 6 மி.மீ. பிளைவுட், அதன் மேல் வழுக்காத ரப்பர் விரிப்பு. போல்ட் தலை உள்ளே துருத்தக் கூடாது; அகலமான வாஷர் போட்டு, நட்டு வெளிப்பக்கம் வருகிற மாதிரி முடுக்குங்கள். நாய் காலை வைக்கிற இடம் அது.

எங்கள் பீகிள் 14 கிலோ. பின் கேரியரில் பெரிய பெட்டி வைத்தால் போதுமா? இல்லையென்றால் பின்னால் டிரெய்லர் இழுக்கலாமா? (லெஸ்டர்)

இரண்டுக்கும் என் பதில் கூடாது என்பதுதான்.

ஆரம்ப கால மோல்டன்களில் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் விரிசல் விடுவதும் முறிவதும் தெரிந்த குறை. அந்த ஃபோர்க் ஒரு புஷ்ஷில் மேலும் கீழும் அசைகிறது. பின் கேரியரில் 14 கிலோ எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தால் பக்கவாட்டில் முறுக்கு விழும். டிரெய்லர் இன்னும் மோசம். அதன் கொக்கி பின் அச்சில், அதாவது அதே ஃபோர்க்கின் நுனியில்தான் மாட்டும். வளைவில் டிரெய்லர் இழுக்கிற இழுப்பு முழுக்க அறுபது வருடத்துப் பற்றவைப்பின் மேல் போகும்.

நான் ஆறு, ஏழு கிலோவுக்கு மேல் இந்த வண்டியில் ஏற்றுவதில்லை, அதுவும் முன்னால் மட்டும். பீகிளுக்கு டிரெய்லர் வாங்குங்கள், ஆனால் திடமான, சாதாரணமான வேறொரு சைக்கிளில் கட்டுங்கள்.

பெரிய குழாயில் ஒரு பிராக்கெட் வெல்டிங் பண்ணிவிட்டால் உறுதியாக இருக்குமே?

அந்த நடுக் குழாய்தான் வண்டியின் முதுகெலும்பு. அதைச் சுடவும் வேண்டாம், துளை போடவும் வேண்டாம். உள்பக்கம் ரப்பர் வைத்த உலோகக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். நாளைக்குக் கழற்றினாலும் பெயின்ட்கூடப் போகாது. பின் ஃபோர்க்கில் விரிசல் இருந்தால் மட்டும் சைக்கிள் ஃபிரேம் செய்கிறவரிடம் கொண்டுபோங்கள், கேட் ஜன்னல் வெல்டிங் செய்கிறவரிடம் வேண்டாம்.

பிரித்துச் சேர்க்கிற இணைப்பு நம்பிக்கையானதா? பயமாக இருக்கிறது அண்ணா. (கவென்ட்ரி)

பயப்படத் தேவையில்லை, பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். சேர்ப்பதற்கு முன் இரண்டு முகத்தையும் துணியால் துடையுங்கள். ஒரு மணல் பருக்கை இருந்தாலும் முகம் சரியாக உட்காராது. லேசாகக் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை இணைப்புக் கோட்டின் மேல் வைத்து, இடுப்பால் சீட்டை முன்னும் பின்னும் தள்ளுங்கள். விரலுக்கு அடியில் 'டக்' என்று ஒரு சின்ன அசைவு தட்டினால் அன்றைக்கு நாய் ஏறக் கூடாது. ஒன்றும் தட்டவில்லையென்றால் பின் பிரேக் கேபிளும் கியர் கேபிளும் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

மழையில் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

குரோம் பூசிய இரும்பு ரிம்மின் குணம் அது. நனைந்தால் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம் போட்டுச் சக்கரத்தைப் புதிதாகக் கட்டுங்கள். போக்ஸ் கம்பித் துளைகளின் எண்ணிக்கை உங்கள் ஹப்புக்குப் பொருந்துகிறதா என்று முதலிலேயே பாருங்கள், கட்டியபின் கோட்டம் எடுத்து வாங்குங்கள். நான் இந்த வண்டிக்குச் செலவு செய்யச் சொல்லும் முதல் இடம் இதுதான், பெட்டிகூட இதற்குப் பிறகுதான்.

டயரைப் பற்றிக் கவலை வேண்டாம். 349 மி.மீ. என்ற அதே அளவைத்தான் இன்றைய பிராம்ப்டனும் போடுகிறது, எங்கும் கிடைக்கும்.

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டினால் போதுமா? குதித்துவிடுவானோ என்று இருக்கிறது.

கழுத்தில் கட்டவே கட்டாதீர்கள். குதித்தால் தொங்கிவிடுவான். மார்போடு சுற்றிவரும் ஹார்னஸ் போட்டு, முதுகுப் பக்க வளையத்திலிருந்து பெட்டியின் அடிப்பலகைக்கு ஒரு குட்டை வார். எழுந்து நிற்க முடியவேண்டும், விளிம்பைத் தாண்ட முடியக் கூடாது.

அதற்கும் முன்னால் பெட்டியைக் கழற்றி வீட்டுத் தரையில் வையுங்கள். அவனுடைய துணியை அதில் போட்டு, சாப்பாட்டையும் அதிலேயே கொடுங்கள். தானாக ஏறிப் படுக்கிற நாள்வரை சைக்கிள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிறகு உருட்டிக்கொண்டு நடங்கள். ஓட்டுவது அதற்கப்புறம். ஸ்டாண்டு போட்டுவிட்டு நாயைப் பெட்டியில் விட்டுப் போகிற பழக்கம் மட்டும் ஒரு நொடிக்குக்கூட வேண்டாம்.

டேக்ஸ்ஹண்ட் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீண்ட முதுகு, முதுகெலும்புத் தட்டு எளிதில் விலகும் இனம். குதித்து ஏற விடாமல், ஒரு கை மார்புக்கும் ஒரு கை பின்காலுக்கும் கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

ரயிலில் கொண்டுபோக முடியுமா அக்காவும் நானும்? எங்களிடம் ஒரு டெரியர்.

தாராளமாக. இங்கே பிரிட்டன் ரயிலில் ஒரு பயணிக்கு இரண்டு நாய்வரை டிக்கெட் கிடையாது. முதலில் நாயை இறக்கி அக்கா கையில் கொடுங்கள், அடுத்து பெட்டி, கடைசியில் வண்டி என்ற வரிசையில் பிரியுங்கள். பெட்டிக்கு கையாலேயே கழற்றும் திருகு போட்டிருந்தால் பிளாட்பாரத்தில் ஸ்பானர் தேட வேண்டியதில்லை. செயின் இருக்கிற பின்பாதியை ஒரு பழைய போர்வை உறையில் போடுங்கள், பக்கத்தில் நிற்கிறவர் கால்சட்டையில் கிரீஸ் படாது. கூட்டம் குறைந்த நேரத்து வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.