பருவுக்கு எலுமிச்சையா, டீ ட்ரீயா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு முகம் முழுக்கப் பரு. கார்போகரிசிப் பொடியை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் போடச் சொல்கிறார் என் மாமியார். மகளோ டீ ட்ரீ ஆயில் (ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையில் எடுக்கும் எண்ணெய்) வாங்கி, எதிலும் கலக்காமல் அப்படியே பூசிக்கொண்டு, கன்னம் சிவந்து எரிகிறது என்கிறாள். மூலிகைதானே, இப்படியும் செய்யுமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நன்றாகவே செய்யும். முதலில் அந்த எண்ணெயை நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெய் மோசமில்லை, பூசிய விதம்தான் தப்பு. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேருக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகத் தரும் பூச்சு மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5 சதவீதத்திலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது, டீ ட்ரீ கொஞ்சம் மெதுவாக வேலை செய்தது, ஆனால் தோல் வறண்டு உரிகிற தொல்லை அதில் குறைவு. 5 சதவீதம் என்றால் இருபதில் ஒரு பங்கு. உங்கள் மகள் இருபது பங்கையும் பூசிவிட்டாள்! எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு, வேண்டுமானால் ஜெல்லாகவே வாங்கி, இரண்டு நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். வீட்டில் தேங்காய் எண்ணெயில் கலக்க வேண்டாம், அது துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டும்.

அடுத்தது மாமியார் வைத்தியம். எனக்குப் பயமே இதில்தான். கார்போகரிசியில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது, எலுமிச்சையிலும் அதே இனத்துச் சத்துகள் உண்டு, இவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி கொப்புளித்துக் கறுத்துப் போகும், அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும். வெண்புள்ளிக்கு அந்த விதையைக் கொடுப்பதே வெயிலோடு சேர்ந்து அது நிறத்தைக் கிளப்பும் என்பதால்தான். மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கு இது ஆகுமா? அதே விதையிலிருந்து பிரித்தெடுத்த ‘பகுச்சியால்’ (bakuchiol) என்ற பொருள்தான் இன்று விலை கூடிய சீரம்களில் வருகிறது, அது வேறு கதை.

கோதுமை, பார்லியில் இயற்கையாக இருக்கும் அசலாயிக் அமிலம் மெடிக்கலில் கிரீமாகக் கிடைக்கிறது, பருவுக்கும் அது விட்டுப்போகும் கறைக்கும் மருத்துவர்களே எழுதித் தருவதுதான். எதுவானாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பரு கட்டியாகி வலித்தாலோ, மாதவிலக்கும் தள்ளிப்போனாலோ பூச்சோடு நிற்காதீர்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அப்புறம், நலங்கு மாவு அரைக்கக் கொடுக்கும்போது கார்போகரிசியை எடுத்துவிடுங்கள். மாமியார் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.