‘இருக்காங்க’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: எனக்கு 57 வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் எங்கள் கிராமம். பெரிய மகன் பெங்களூரில், சின்னவன் கோவையில். நல்ல வேலை, ஒரு குறையும் இல்லை. ஆனால் என் மனசு அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்திலேயே நிற்கிறது. ஒரே தட்டில் பிசைந்து இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி ஊட்டுவேன். ஆடிப்பெருக்கு அன்று சப்பரம் ஜோடித்து ஆற்றுக்கு இழுத்துப் போவார்கள். 2003-ல் ஆற்றில் தண்ணீரே இல்லை. பிள்ளைகள் அழுதார்கள் என்று அத்தை மணலில் ஊற்றுத் தோண்டிக் கொடுத்தார்கள். அந்தச் சப்பரம் இன்னும் பரணில் இருக்கிறது. வீட்டுக்காரர் வயலுக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆள் இல்லை. அத்தைக்குக் கஞ்சியை வைத்துவிட்டு ஆல்பத்தோடு உட்கார்ந்தால் மதியம்வரை அழுகைதான். அவர்களுக்கு 84 வயது, காதும் சரியாகக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை பெரியவன் போன் செய்வான். “அப்பாயி எப்படி இருக்காங்க?” என்பான், “இருக்காங்க” என்பேன். இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவான். அந்தக் காலத்தை எப்படி மறப்பது?

பதில்: மறக்க வேண்டாம். பிள்ளைகள் வளர்ந்துபோன ஏக்கத்தை மறக்க வழி கேட்டு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. யாருக்கும் நான் வழி சொன்னதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. “வீட்டில் பேச ஆள் இல்லை” என்று எழுதிய அதே கை, அடுத்த வரியில் “அத்தைக்குக் கஞ்சியை வைத்துவிட்டு” என்று எழுதுகிறது. அப்படியென்றால் அந்த வீட்டில் இருக்கும் அவர் யார்?

பிள்ளைகளுக்கு ஊட்டினீர்கள். மாமியாருக்கு வைக்கிறீர்கள். நீங்கள் எழுதிய சொற்கள்தான் இவை.

2003 எனக்கும் நினைவிருக்கிறது. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை அந்த வருடம் அக்டோபரில்தான் திறந்தார்கள். குறுவை போச்சு. ஆடி 18 அன்று காப்பரிசியும் காதோலை கருகமணியும் தட்டில் வைத்துக்கொண்டு பெண்கள் காய்ந்த மணலைப் பார்த்து நின்றார்கள். பம்புசெட்டுத் தொட்டியில் படைத்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு, வீட்டுக் குழாயடியிலேயே முடித்துக்கொண்டவர்கள் உண்டு. உங்கள் மாமியார் அப்படித் திரும்பவில்லை. அறுபதைத் தாண்டிய வயதில் ஆற்று மணலில் உட்கார்ந்து தோண்டியிருக்கிறார். ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. தோண்டத் தோண்ட ஓரம் சரிந்து குழியை மூடும். ஈர மணல் கண்ட பிறகும் கையால் அள்ளி அள்ளிப் போட வேண்டும். அப்புறம் கலங்கல் தெளிகிறவரை காத்திருக்க வேண்டும். இவ்வளவும் உங்கள் பிள்ளைகளின் சப்பரம் தண்ணீர் ஓரத்தில் போய் நிற்க வேண்டும் என்பதற்காக.

அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் பரணுக்குத் தாவிவிட்டீர்கள். இருபது வருடத்துக்கு மேலாகச் சப்பரத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். ஊற்றுத் தோண்டியவர் எதிரில் கிடக்கிறார், அவரை ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை. எனக்குக் கோபமாகத்தான் வருகிறது அம்மா.

அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பெரும்பாலும் அடுப்படியில் புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் கிளறிக்கொண்டு இருந்திருப்பீர்கள். அந்த நாளில் நம் வீட்டு மருமகள்களுக்கு அதற்கே பொழுது போதாது. ஊற்றில் தண்ணீர் கண்டதும் யார் முதலில் கையை விட்டான், வழியில் சப்பரத்தை யார் இழுப்பது என்று என்ன சண்டை, இதெல்லாம் உங்கள் ஆல்பத்தில் இருக்காது. அவரிடம் இருக்கும். உங்கள் பிள்ளைகளின் சின்ன வயதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், நீங்களோ மறக்க வழி கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் கணவரும் ஒரு காலத்தில் பால்பல் விழுந்த பையன்தான். அவருக்கும் ஒருத்தி பிசைந்து ஊட்டியிருக்கிறாள். உங்களுக்கு இன்று வந்திருக்கும் இந்த ஏக்கம் அந்த அம்மாவுக்கு எத்தனை வருடத்துக்கு முன்னால் வந்திருக்கும்! அதை அவர் யாரிடம் சொன்னார்? நீங்கள் கேட்டீர்களா?

“வயசானா குழந்தை மாதிரி” என்று சொல்லிக்கொண்டு அவருக்கு ஊட்டிவிடத் தொடங்காதீர்கள். அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்காது. அவர் ஒரு குடும்பத்தை நடத்தியவர். அவருக்கு எதிரில் உங்கள் தட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள், அது போதும்.

காது கேட்காது என்கிறீர்கள். டாக்டரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அழுக்கு அடைத்துக்கொண்டாலே காது மந்தமாகும், எடுத்துவிட்டால் தெளிவாகக் கேட்கும். வேறு கோளாறு என்றால் கருவி இருக்கிறது. கும்பகோணத்திலேயே அரசு தலைமை மருத்துவமனை இருக்கும்போது, காட்டாமலே “கேட்காது” என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஒருவேளை மருமகளாக வந்த புதிதில் அவர் பேசிய பேச்சு உங்களுக்குள் இன்னும் ஆறாமல் இருக்கலாம். இருந்தால் அதை அவரிடமே கேளுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை. பேச்சே இல்லாத வீட்டைவிட இரண்டு பெண்கள் சண்டை போடும் வீடு எவ்வளவோ மேல்.

பாரம் முழுக்க உங்கள் தலையில் என்பதும் எனக்குப் புரிகிறது. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007-ல் சட்டம் கொண்டுவந்தார்களே, அதில் பிள்ளைகள் என்று சொன்னது மகன், மகள், பேரன், பேத்தியைத்தான். மருமகளைச் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சுவது மருமகள்தான். இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வயலிலிருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு அவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அவருடைய அம்மாவின் கட்டில். தண்ணீர் எந்த வாய்க்கால்வரை வந்திருக்கிறது, நடவு எவ்வளவு ஆச்சு என்று அவரிடம் சொல்லட்டும். அந்த வயலில் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

சப்பரத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள். தூசி தட்டி அவர் மடியில் வைத்து, அந்த வருடம் ஊற்று எந்த இடத்தில் தோண்டினீர்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை போன். அப்பாயி எப்படி இருக்கிறார் என்று உங்கள் மகன் வாராவாரம் கேட்கிறான். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள். ஒரே வார்த்தையில் நீங்கள் முடித்துவிட்டால் அவன் மேற்கொண்டு என்ன பேசுவான்? இந்த வாரம் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவருடைய காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கிறவரை நீங்களும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருங்கள்.