பட்டறைக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஐயா,

எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வை முடித்த தங்கள் மகனைச் சுங்கை சிப்புட்டில் பன்னிரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் இயந்திரப் பட்டறையில் சேர்த்தால், அவன் தேநீர் வாங்கி வரும் எடுபிடியாகவே நின்றுவிடுவானோ என்று கேட்டிருந்தீர்கள். அந்த அச்சம் நியாயமானதே. அப்படி நின்றுபோன பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டறை சிறியது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம்.

சிறிய நிறுவனத்தில் பயிற்சி அறையோ பயிற்சி அதிகாரியோ இருப்பதில்லை. மூத்த தொழிலாளியின் அருகில் நின்று பழகுவதே அங்குள்ள கல்வி. அதே நேரத்தில், செம்பனை ஆலையிலிருந்து தேய்ந்து வரும், பழம் பிழியும் பிரஸ் திருகை வெல்டிங் வைத்து மேவி, லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் கடைந்து, அளவு பார்த்து, ஆலைக்கே கொண்டுபோய்ப் பொருத்தும் வரை ஒரு வேலையை முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு, பெரிய தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தின் முன் நிற்கும் பையனுக்குக் கிடைப்பது அரிது. பார்த்ததைத் தன் கையால் செய்ய விடுவார்களா என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

என் தாயார் பால்மரம் சீவப் பழகியபோது, வெட்டிக் கழிக்கவிருந்த கிழட்டு மரங்களைத்தான் முதலில் கொடுத்தார்களாம். கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டால் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பதால், கை படியும் வரை நல்ல மரத்தை அவரிடம் ஒப்படைக்கவில்லை. பட்டறையிலும் அதே கணக்குதான். கெடுத்துப் பழகக் கழிவு இரும்பு கொடுப்பார்களா, சொல்லிக் கொடுப்பவர் இன்னார் என்று ஒருவர் உண்டா, அவருக்கு அதற்கென நேரம் விட்டிருக்கிறார்களா என்று முதலாளியிடம் நேரிலேயே கேளுங்கள். பெரும்பாலான பட்டறைகள் இந்த மூன்றாவதில்தான் தவறுகின்றன. ஆலை நின்றுபோய் மாலைக்குள் திருகு வேண்டும் என்று தொலைபேசி வந்ததும், மூத்தவர் பையன் கையிலிருந்த கருவியை வாங்கித் தாமே வேலையை முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. செம்பனைப் பழம் குறைந்து வேலை மந்தமாகும் மாதங்களிலாவது பையனுக்கென்று நேரம் ஒதுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

பழக்கிவிட்டால் பையன் வேறிடம் போய்விடுவான் என்று முதலாளியும் தயங்கக்கூடும். மலேசியத் தொழிலாளர் பத்து பேருக்குக் குறையாமல் உள்ள, 2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுக் கழகச் சட்டத்தின் கீழ்வரும் நிறுவனம், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்னும் அந்தக் கழகத்திற்கு லெவியாக, அதாவது கட்டாயப் பங்களிப்பாக, செலுத்தியாக வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. அந்தப் பணத்தைப் பயிற்சிக்குத் திரும்பக் கோரலாம் என்பதை நினைவூட்டினால் அவரது தயக்கம் சற்றுக் குறையலாம். பன்னிரண்டு பேரில் சிலர் வெளிநாட்டினராக இருந்து, மலேசியர் ஐந்து முதல் ஒன்பது பேர் மட்டுமே என்றால், விரும்பினால் 0.5 விழுக்காடு செலுத்தி இந்த ஏற்பாட்டில் சேரலாம்.

சான்றிதழ் குறித்தும் கேட்டிருந்தீர்கள். 2005இல் தொடங்கிய எஸ்.எல்.டி.என். என்னும் தேசிய இரட்டைப் பயிற்சி முறையில், பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு பணியிடத்திலும் மீதி பயிற்சி மையத்திலும் நடந்து, முடிவில் எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் கிடைக்கும். பட்டறை அதில் சேராவிட்டாலும், சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் பி.பி.தி. என்ற முன்னனுபவ அங்கீகார வழியில் அதே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் செய்த வேலைக்கான ஆதாரம் வேண்டும் என்பதால், முதல் நாளிலிருந்தே தான் செய்த வேலை, எடுத்த அளவு, செய்த தவறு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி, முடிந்தால் மூத்தவரிடம் கையெழுத்தும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தங்கள் மகனுக்கு இது சலிப்பாகத்தான் இருக்கும்.

வேலை நடக்கும் நாளொன்றில், ஓய்வு நேரத்தைத் தவிர்த்து, அரை மணி நேரம் அங்கே நின்று பாருங்கள். இளைய பையன்கள் கையில் நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் இருக்கிறதா, துடைப்பம் மட்டும் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பழகுநர் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்பு உண்டு; லேத் ஓடும் இடத்தில் அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டு வாருங்கள். இருவரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.