மச்சினன் கார்டில் புது கேமரா: ஆடிக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: கும்பகோணம் பக்கம் கல்யாண போட்டோகிராபராக இருக்கிறேன். வயது 36. ஆண்டுக்கு 30 கல்யாணம் வரை கிடைக்கிறது. ஆல்பம், உதவியாளர், வண்டி, வாடகை கேமரா எல்லாம் போக ஒரு கல்யாணத்துக்குச் சராசரியாக 22,000 ரூபாய் நிற்கும். வீட்டுச் செலவு மாதம் 32,000. என்னிடம் ஒரு சோனி ஏ7 த்ரீ இருக்கிறது. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்ந்த பெரிய ஆர்டர்கள் 15 வரும். அவற்றுக்கு இரண்டாவது கேமராவை நாளுக்கு 1,500 ரூபாய் வாடகைக்கு எடுக்கிறேன். சொந்தமாக இன்னொன்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பயன்படுத்திய ஏ7 த்ரீ 80,000-க்கு வருகிறது. புது ஏ7 ஃபோர் 2,00,000 சொல்கிறார்கள். ஊரில் புதிதாக வந்த பையன்கள் எல்லோரும் ஃபோர் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்களும் என்ன கேமரா என்று கேட்கிறார்கள், ஆனால் அதனால் இதுவரை ஆர்டர் எதுவும் போகவில்லை. வீடியோவை நண்பர் ஒருவர் தனியாக எடுக்கிறார், அந்தப் பணம் அவருக்கே.

முந்தின ஆடியில் டிரோனும் லேப்டாப்பும் வாங்கிய கடனுக்கு மாதம் 6,800, போன ஆடியில் வாங்கிய லென்ஸுக்கு 6,200 போகிறது. இரண்டும் அடுத்த ஆண்டு ஆடியோடு முடியும். போன மார்கழியில் மனைவியின் நகையைத் தனியார் நிதி நிறுவனத்தில் 1,50,000-க்கு வைத்தோம், வட்டி மாதம் 1,500. முகூர்த்த மாதங்களில் கையில் இருப்பது லைட், ஜிம்பல் என்று போய்விடுகிறது. இப்போது கையில் 1,10,000 இருக்கிறது. அதில் 60,000 ஆவணிக் கல்யாணங்களுக்கு வாங்கிய அட்வான்ஸ். மனைவியின் தம்பி தன் கிரெடிட் கார்டில் ஆடி ஆஃபரில் 18 மாத நோ காஸ்ட் இஎம்ஐ போட்டு ஃபோரை வாங்கித் தருகிறேன் என்கிறார். அப்படி வாங்கினால் கையிருப்பை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்ஐபியில் போடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எந்த கேமராவை வாங்கட்டும்?

பதில்: கணக்கைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆடியில் இரண்டில் எதையும் வாங்காதீர்கள். வரும் மாசியில், கையில் இருக்கும் பணத்தைக் கொடுத்து, பயன்படுத்திய ஏ7 த்ரீயை வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் கேமராவைவிட அதிகமாகத் தவணையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்திலேயே ஒரு வரிசை இருக்கிறது. டிரோன் ஆடியில், லென்ஸ் ஆடியில், இப்போது கேமராவும் ஆடியில். கடைக்காரர் தள்ளுபடி போடும் மாதம் அது. உங்களுக்கோ ஒரு முகூர்த்தம்கூட இல்லாத மாதம். கையில் காசு இல்லாத நேரத்தில் பொருள் வாங்கத் தவணை ஒன்றுதான் வழி, அதனால் தவணையில் வாங்குகிறீர்கள். அந்தத் தவணை புரட்டாசியிலும் வரும், மார்கழியிலும் வரும். போன ஆடியில் லென்ஸ் வந்தது, ஐந்தே மாதத்தில், மார்கழியில், நகை போனது. இரண்டும் தனித்தனி விஷயங்கள் என்று நீங்கள் நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

நீங்கள் டெல்டாக்காரர், குறுவை சம்பா தெரியாதவர் இல்லை. பயிர்க்கடன் கொடுக்கும் வங்கிகூட மாதாமாதம் கட்டு என்று விவசாயியிடம் கேட்பதில்லை, அறுவடையை ஒட்டித்தான் தவணை வைக்கிறது. உங்கள் தொழிலும் அப்படிப் போகம் பார்த்து வருமானம் தருகிற தொழில். தை, வைகாசி, ஆவணி என்று சில மாதங்களில் விளைகிறது, ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் தரிசாகக் கிடக்கிறது. அப்படிப்பட்ட வருமானத்தை வைத்துக்கொண்டு, மாதச் சம்பளக்காரருக்காகச் செய்த இஎம்ஐயைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். உங்களைக் கெடுக்கும் பழக்கம் இது ஒன்றுதான்.

ஆண்டுக் கணக்காகப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. 30 கல்யாணம், 22,000 வீதம் 6,60,000. வீட்டுக்கு 3,84,000. இரண்டு தவணைக்கும் 1,56,000. நகை வட்டி 18,000. மிச்சம் 1,02,000. ஏ7 ஃபோரின் தவணை மாதம் 11,100 என்றால் ஆண்டுக்கு 1,33,000. வாடகை மிச்சம், 15 கல்யாணத்துக்கு இரண்டு நாள் வீதம், 45,000. அதையும் கூட்டினால் தவணை கட்டிய பிறகு 14,000 ரூபாய் நிற்கிறது. பரவாயில்லையே, கட்டிவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். உங்களுக்கும் ஒவ்வொரு ஆடியிலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இப்போது தரிசு மாதத்தை மட்டும் எடுங்கள். வீடு 32,000, தவணை 13,000, வட்டி 1,500, ஆக 46,500. இப்படி மூன்று மாதம் என்றால் 1,39,500. புதுத் தவணையும் சேர்ந்தால் 1,73,000-ஐ நெருங்கும். அந்த மாதங்களில் வரவு கிட்டத்தட்ட பூஜ்யம். அதற்கென்று எடுத்து வைத்த பணமும் இல்லை. மறுபடி நகைதான் போக வேண்டும்.

கையில் 1,10,000 இருக்கிறதே என்கிறீர்கள். அட்வான்ஸ் 60,000 உங்கள் பணம் இல்லை. ஆவணியில் அந்தக் கல்யாணங்களுக்கு ஆல்பம் அடிக்க, உதவியாளருக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது. பாக்கி 50,000. வரப்போகும் ஆடிக்கே 46,500 வேண்டும். ஆக, உங்களிடம் உண்மையில் இருப்பது 3,500 ரூபாய். வீடியோவில் சொன்ன எஸ்ஐபி யோசனைக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. கையில் முழுப் பணத்தையும் வைத்துக்கொண்டு தவணையில் வாங்குபவருக்கே அது கத்திமேல் நடப்பது மாதிரி. தவணை தேதி தவறாமல் வரும், சந்தை அப்படி ஏறாது.

நோ காஸ்ட் என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். வட்டியில்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்கு எழுதியது. வட்டி இருக்கத்தான் செய்கிறது, கடையோ கம்பெனியோ அதை விலையில் கழித்துக் காட்டுகிறது. 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 18 மாதத்துக்கு ஏறக்குறைய 23,000 ஆகும். கழிவு அதற்குத்தான். அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது 4,000-க்கு மேல், அது உங்கள் தலையில்தான். செயலாக்கக் கட்டணம் தனி. ரொக்கமாக வாங்கினால் பேரம் பேசிக் குறைக்கக்கூடிய தொகையும் போய்விடுகிறது.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை, அது உங்கள் மச்சினன் கார்டு என்பது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் மார்கழியில் நீங்கள் 11,100 கொடுக்க ஒரு வாரம் தாமதித்தால் தாமதக் கட்டணம் அவர் பில்லில் விழும், கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் சிபில் மதிப்பெண் அவருக்குக் குறையும். பாக்கி நின்றால் பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் வரை வட்டி, ஆண்டுக்கு 40-க்கு மேல். நாளைக்கு அவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் கேமரா அவர் கணக்கில் கடனாக நிற்கும். அக்கா நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது, தம்பி கார்டும் சேர்ந்தால் ஒரு மாதம் பிசகினாலும் அந்த வீட்டுக்கு நீங்கள் நிமிர்ந்து போக முடியாது. வேண்டாம்.

சரி, கேமராவுக்கு வருவோம். ஏ7 த்ரீ 2018 பிப்ரவரியிலும் ஏ7 ஃபோர் 2021 அக்டோபரிலும் அறிவிக்கப்பட்டவை. 2025 டிசம்பரில் அடுத்ததும் அறிவிக்கப்பட்டுவிட்டது. நீங்கள் புதிது என்று நினைத்து 18 மாதத் தவணை கட்டப்போவதே ஒரு தலைமுறை பழசு.

ஃபோரில் முன்னேற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 24 மெகாபிக்சல் 33 ஆகியிருக்கிறது. வீடியோவில் 10 பிட் வண்ணம், 4கே 60 பிரேம், வீடியோ எடுக்கும்போதும் கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ், பக்கவாட்டில் திறந்து திரும்பும் திரை. நல்ல விஷயங்கள்தான், ஆனால் பெரும்பாலும் வீடியோக்காரருக்கு. உங்களிடம் வீடியோவும் இல்லை, அந்தக் காசும் இல்லை. நண்பர் சம்பாதிக்கும் வேலைக்கு நீங்கள் ஏன் தவணை கட்ட வேண்டும்?

போட்டோவில் என்ன வித்தியாசம் என்று ஆல்பத்தை வைத்தே பாருங்கள். 12-க்கு 18 அங்குலப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அடித்தால் 5,400-க்கு 3,600 பிக்சல் வேண்டும். உங்கள் ஏ7 த்ரீ 6,000-க்கு 4,000 கொடுக்கிறது. போதும், கொஞ்சம் வெட்டவும் இடம் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து 36 அங்குலத்துக்கு ஒரே படத்தை விரித்தால் த்ரீயில் அங்குலத்துக்கு 167 புள்ளி வரும், ஃபோரில் 195. மடியில் வைத்து ஆல்பம் புரட்டும் பெண்ணின் அம்மாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

பிக்சல் கூடினால் செலவும் கூடும். ஒவ்வொரு படமும் எட்டில் மூன்று பங்கு பெரிதாகும். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் கார்டும் ஹார்ட்டிஸ்க்கும் கூடுதலாக வாங்க வேண்டும். மேலே சொன்ன 14,000 அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் நிறம். இரண்டு தலைமுறை கேமராக்களின் படங்களை ஒரே ஆல்பத்தில் சேர்க்கும்போது பட்டுப்புடவையின் நிறமும் தோல் நிறமும் ஒத்துப்போக எடிட்டிங்கில் நேரம் போகும். இரண்டும் ஏ7 த்ரீயாக இருந்தால் அந்த வேலை குறையும். த்ரீக்கும் ஃபோருக்கும் ஒரே பேட்டரி, ஒரே லென்ஸ் என்பதால் பின்னால் எப்போது மாற நினைத்தாலும் லென்ஸில் போட்ட காசு வீணாகாது. அதனால் அவசரம் எதுவும் இல்லை.

முதல் எப்போது திரும்பும் என்பதுதான் என் கேள்வி. வாடகையில் ஆண்டுக்கு 45,000 மிச்சம். 80,000 ரூபாய் கேமரா இரண்டு ஆண்டுக்குள் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். 2,00,000 ரூபாய் கேமராவுக்கு நாலரை ஆண்டு, கார்டு, ஹார்ட்டிஸ்க் சேர்த்தால் ஐந்து. நாளை வீடியோவும் நீங்களே எடுக்கப்போகிறீர்கள், அதற்குத் தனியாகப் பணம் தர வாடிக்கையாளர் சம்மதித்து நான்கைந்து ஆர்டர் கையில் இருக்கிறது என்றால் அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பதில் சொல்வேன். என்ன கேமரா என்று கேட்பவரிடம் போன மாதம் செய்த ஆல்பத்தை எடுத்துக் கையில் கொடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஆவணியிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் 5,000 ரூபாயை, வேறு எதற்கும் முன்னால், தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். யுபிஐயும் ஏடிஎம் கார்டும் இல்லாத கணக்காக இருக்கட்டும். 30 கல்யாணத்துக்கு 1,50,000, மூன்று தரிசு மாதத்துக்கும் அது போதும். முதல் ஆண்டு மட்டும் கொஞ்சம் இழுக்கும், ஏனென்றால் புரட்டாசிக்குள் நிறையச் சேராது. ஆவணி முதல் கார்த்திகை வரை 12 கல்யாணம் என்றால் 2,64,000. மார்கழி வரை ஐந்து மாதச் செலவு 2,32,500. மிச்சம் 31,500. நகையைத் தொடாமல் மார்கழியைத் தாண்டிவிடுவீர்கள். தையிலும் மாசியிலும் 8 கல்யாணம் வந்தால் இரண்டு மாதச் செலவு போக 83,000. மாசி முடியும்போது கையில் 1,14,500 இருக்கும். 80,000-க்கு கேமரா வாங்கினாலும் அடுத்த ஆடிக்கு அடித்தளம் மிஞ்சும். இதற்கு ஒரே நிபந்தனை, அதுவரை லைட், ஜிம்பல் எதுவும் கிடையாது.

பழைய கேமரா வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று அவசியம் பாருங்கள். சோனி 2,00,000 முறை வரை சோதித்த ஷட்டர் அது. ஒரு லட்சத்தைத் தாண்டியதென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அசல் பில் இல்லாததைத் தொடாதீர்கள்.

நகையை ஏன் முதலில் மீட்கச் சொல்லவில்லை என்று உங்கள் மனைவி கேட்கலாம், நியாயமான கேள்வி. நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் போகிறது. 80,000 ரூபாய் கேமரா ஆண்டுக்கு 45,000 கொண்டு வருகிறது. அதனால் கேமரா முதலில், அந்த வாடகை மிச்சம் அப்படியே நகைக்கு. அதற்குள் ஒரு பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் வட்டி விசாரியுங்கள், குறைவாக இருந்தால் அங்கே மாற்றுங்கள். அடுத்த ஆடியோடு பழைய தவணைகள் இரண்டும் முடிந்து மாதம் 13,000 கைக்கு வரும்போது அதுவும் நகைக்கே போகட்டும். இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து பாருங்கள், அடகில் இருப்பது அவர் நகை.

மச்சினனிடம் இந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஆஃபர் தொடங்கிய பிறகு சொல்வது கடினம். ஆவணி முகூர்த்தத் தேதிகளுக்கு வாடகை கேமராவையும் இப்போதே சொல்லி வையுங்கள். அந்த மாதம் எல்லோருக்கும் வேண்டியிருக்கும்.