கால்குலேட்டர் கேள்வி–பதில்: நினைவகம் நிரம்பியதா, ஃபர்ம்வேர் பழையதா?

பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் ஆகஸ்டில் பள்ளி திறந்தாலும் சரி, ஜூனில் பள்ளி இறுதித் தேர்வான பாக் நெருங்கினாலும் சரி, வரும் கேள்விகள் ஒரே மாதிரிதான். எந்தக் கோளாறாக இருந்தாலும் ‘ஃபர்ம்வேரை (கால்குலேட்டருக்குள் இருக்கும் இயங்குதளத்தை) மாற்றினால் சரியாகுமா?’ என்றுதான் கடைசி வரி முடிகிறது. பெரும்பாலும் ஆகாது. காரணம் கீழே இருக்கும் பதில்களில் தெரியும்.

என் மகன் பள்ளியின் கடைசிக்கு முந்தைய வகுப்பான பிரெமியேருக்குப் போகிறான். அவனுடைய அத்தை மகன் வைத்திருந்த டிஐ-83 பிரீமியம் சிஇ கால்குலேட்டர் (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், சுருக்கமாக டிஐ) இப்போது இவன் கைக்கு வந்திருக்கிறது. அதில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? புதுப்பிக்கத்தான் வேண்டுமா?
— ஒரு தாய், சென்-ஆந்த்ரே

பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும், அம்மா. நீல நிற ‘செகோந்த்’ விசையை அழுத்திவிட்டுக் கூட்டல் விசையை அழுத்துங்கள். நினைவகப் பட்டியல் திறக்கும். அதில் முதல் வரியான ‘ஆ ப்ரொப்போ’வைத் தேர்ந்தெடுத்தால், மாடலின் பெயரும் அதனுடன் புள்ளி வைத்துப் பிரித்த எண் வரிசையும் தெரியும். அதுதான் பதிப்பு. முதல் எண் 5 என்றே இருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது அதற்கடுத்த எண்ணை.

புதுப்பிப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஒருவழிப் பாதை: புதிய பதிப்புக்குப் போனபின் பழையதை மறுபடி ஏற்ற இயந்திரம் அனுமதிக்காது. இரண்டாவது, 2020-இல் தயாரிப்பாளர் அசெம்பிளி மொழி (இயந்திர மொழிக்கு மிக நெருக்கமான நிரல்மொழி) நிரல்களை இயக்கும் வசதியை எடுத்துவிட்டார்; 5.5.1 முதல் அவை ஓடா. அத்தை மகன் ஏற்றி வைத்திருக்கும் விளையாட்டுகளில் பல அந்த வகையாகத்தான் இருக்கும். மகனுக்கு இது வருத்தமாக இருக்கலாம்; உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

பைத்தான் நிரல்மொழி ஓடும் மாடலாக இருந்தால் புதுப்பிப்பதே நல்லது. பைத்தான் செயலியும் சேர்ந்து புதிதாகும். டிஐ கனெக்ட் சிஇ மென்பொருளைக் கணினியில் நிறுவி, முதலில் இருக்கும் கோப்புகளையெல்லாம் கணினிக்குப் பிரதி எடுங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு பிறகு அனுப்புங்கள். நடுவில் கேபிள் கழன்றுவிட்டால் பதற வேண்டாம்: தொடக்க நிரல் தனிப் பகுதியில் இருப்பதால், இயங்குதளத்தை மறுபடி அனுப்பச் சொல்லித் திரை காத்திருக்கும். இந்த வேலையை ஜனவரி விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கை வைக்கவே வேண்டாம்.

புதிய ஃபர்ம்வேர் போட்டால் நினைவகம் கூடுமா?
— மாணவி, சென்-பால்

கூடாது. நினைவகம் சில்லில் இருக்கிறது. புதிய இயங்குதளம் கொஞ்சம் கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

டிஐ-யில் நானே எழுதிய நிரல் ஒன்று சில நிமிடங்கள் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு ‘நினைவகப் பிழை’ என்று நின்றுவிடுகிறது. உடனே நினைவகப் பட்டியலைப் பார்த்தால் நிறைய இடம் காலியாக இருக்கிறது. இயந்திரம் பொய் சொல்கிறதா?
— தெர்மினால் (பள்ளியின் கடைசி வகுப்பு) மாணவன், லெ தாம்போன்

தம்பி, இயந்திரம் சொல்வது உண்மைதான். நீ பார்க்கும் நேரத்தில் தடயம் அழிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நீ அனுப்பிய நிரலைப் படித்தேன். ஓர் எண்ணின் மிகச் சிறிய வகுஎண்ணைத் தேடுகிறாய். 2-இலிருந்து ‘ஃபார்’ சுழற்சி தொடங்குகிறது; மீதி பூஜ்யம் ஆனதும் ‘கோட்டு’ (Goto) என்ற குதிக்கும் கட்டளையைப் போட்டு வெளியே குதிக்கிறாய்; விடையைக் காட்டிவிட்டு அடுத்த எண்ணைக் கேட்க மேலே போகிறாய். கணக்கில் தப்பே இல்லை. தப்பு, வெளியேறும் வாசலில் இருக்கிறது.

‘ஃபார்’, ‘வைல்’, ‘ரிப்பீட்’ போன்ற தொகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் இயந்திரம் ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) ஒரு சிறு குறிப்பை எழுதி வைக்கிறது: எந்த ‘எண்ட்’ எந்தத் தொடக்கத்துக்கு உரியது, எங்கே திரும்ப வேண்டும் என்று. சுழற்சி தன் ‘எண்ட்’டைத் தாண்டி இயல்பாக முடிந்தால் அந்தக் குறிப்பு அழியும். ‘கோட்டு’ போட்டு நடுவிலேயே குதித்துவிட்டால் அழியாது. நீ அடுத்த எண்ணைக் கொடுக்கும்போது புதிய ‘ஃபார்’, அதற்குப் புதிய குறிப்பு. இப்படிச் சேர்ந்து சேர்ந்து ரேம் தீர்ந்துபோகிறது. நிரல் நின்றதும் எல்லாக் குறிப்புகளும் ஒரேயடியாக விடுவிக்கப்படுகின்றன. அதனால்தான் நீ பார்க்கும்போது இடம் காலியாக இருக்கிறது.

தீர்வு எளிது. மீதி பூஜ்யம் ஆனதும் குதிக்காதே. சுழற்சி மாறியான ஐ (I)-யின் அப்போதைய மதிப்பை டி (D) என்ற மாறியில் போட்டு வை. பிறகு சுழற்சியின் மேல் எல்லையான என் (N) மதிப்பை ஐ-யில் போடு. ‘எண்ட்’ வந்ததும் ஐ ஒன்று கூடி எல்லையைத் தாண்டும். சுழற்சி தானே முடியும், குறிப்பும் போகும். ‘இஃப்–தென்’ தொகுதிக்குள்ளிருந்து குதித்தாலும் இதே கசிவுதான். சுழற்சிக்குள் ‘மெனு’ கட்டளை வைப்பவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் லேபிளுக்கு (நிரலில் பெயரிட்ட இடத்துக்கு) குதிக்கும் வேலையையே செய்கிறது. எந்தத் தொகுதிக்கும் வெளியே நிற்கும் ‘கோட்டு’வால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு மெய்யெண்ணும் 9 பைட் பிடிக்கும், கலப்பெண் என்றால் 18. 999 உறுப்புகள் கொண்ட ஒரு பட்டியலே கிட்டத்தட்ட 9 கிலோபைட். உன்னிடம் இருக்கும் சிஇ-யில் பயனருக்கு 154 கிலோபைட் ரேம் உண்டு, சமாளிக்கும். பழைய டிஐ-83 பிளஸில் 24 கிலோபைட்தான். அப்படிப்பட்ட மூன்று பட்டியல்களை அதனால் தாங்க முடியாது.

கரான்ஸ் புயலின்போது எங்கள் பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மகளின் கால்குலேட்டர் முழுவதும் இறங்கிவிட்டது. பிறகு சார்ஜ் செய்து திறந்தால் ‘ரேம் அழிக்கப்பட்டது’ என்று வந்தது. நிரல்களில் பாதியைக் காணவில்லை. மீதிப் பாதி மட்டும் எப்படித் தப்பியது?
— ஒரு தந்தை, சென்-தெனி

தப்பியவை காப்பகத்தில் இருந்தவை. ரேமுக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். காப்பகம் ஃபிளாஷ் நினைவகம் என்பதால் பேட்டரி செத்தாலும் எழுதியது நிற்கும். நினைவகப் பட்டியலில் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது காப்பகத்தில் இருக்கிறது என்று பொருள். மகளிடம் சொல்லி, முக்கியமான நிரல்களையெல்லாம் அதே பட்டியலின் 5-ஆவது வரியால் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். போனவை போனவைதான், கணினியில் பிரதி இருந்தால் ஒழிய மீட்க வழியில்லை. பிப்ரவரியில் ஒரு புயல் எச்சரிக்கை வந்ததும் டார்ச்சையும் செல்பேசியையும் சார்ஜ் செய்கிறோம். இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். என் டிஐ-83 பிளஸ் இன்னும் வேலை செய்கிறது. எதையாவது காப்பகத்தில் போட்டால் ‘குப்பை அகற்றவா?’ என்கிற மாதிரி ஒரு கேள்வி வருகிறது. ‘சரி’ என்றால் என் கோப்புகள் போய்விடுமோ என்று ஒவ்வொரு முறையும் ‘வேண்டாம்’ என்றே அழுத்துகிறேன்.
— சென்-பியேர்

ஐயா, தயங்காமல் ‘சரி’ கொடுங்கள். உங்கள் கோப்பு ஒன்றும் போகாது.

ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு கோப்பை மட்டும் தனியாக அழிக்க முடியாது. 64 கிலோபைட் அளவுள்ள ஒரு பகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அதனால் நீங்கள் ஒன்றை நீக்கும்போது இயந்திரம் ‘இது செல்லாது’ என்று குறி மட்டும் வைக்கிறது. இடம் அப்படியே அடைபட்டுக் கிடக்கிறது. கரும்பலகையில் அழிக்காமல் அடித்து அடித்து எழுதிக்கொண்டே போனால் மூலைக்கு வந்துவிடுவோமே, அதே கதை. நீங்கள் ‘சரி’ என்றால் செல்லுபடியாகும் கோப்புகளை வேறு பகுதிக்கு நகர்த்திவிட்டுப் பழைய பகுதியைத் துடைக்கும். இவ்வளவு நாள் மறுத்ததால்தான் காப்பகம் நிரம்பியதாகத் தோன்றுகிறது. அந்த வேலை நடக்கும்போது மட்டும் பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள்.

அந்த மாடலில் நான்கு பென்சில் பேட்டரிகளுடன் ஒரு பட்டன் பேட்டரியும் இருக்கிறது: சிஆர்1616 அல்லது சிஆர்1620. பென்சில் பேட்டரியை மாற்றும்போது ரேமைக் காப்பாற்றுவது அதுதான். இரண்டையும் ஒரே சமயத்தில் எடுக்காதீர்கள்.

காசியோ கிராஃப் 90+ஈ-இல் 16 மெகாபைட் இருக்கிறது என்றார்கள். ஆனால் நிரல் எழுதும்போது ‘நினைவகம் போதாது’ என்கிறதே?
— மாணவன், சென்ட்-சூசான்

16 மெகாபைட் என்பது சேமிப்பு நினைவகம். நீ எழுதும் காசியோ நிரல், பட்டியல், அணி எல்லாம் முதன்மை நினைவகத்தில் இருக்கின்றன. அது 60 கிலோபைட் சொச்சம்தான். நினைவக ஐகானைத் திறந்து, பயன்படுத்தாதவற்றைச் சேமிப்பு நினைவகத்துக்குப் பிரதி எடுத்துவிட்டு, முதன்மை நினைவகத்திலிருந்து நீக்கு. பைத்தான் கோப்புகள் தொடக்கத்திலிருந்தே சேமிப்பு நினைவகத்தில்தான் இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். பதிப்பைப் பார்க்க வேண்டுமானால் சிஸ்டம் ஐகானுக்குள் எஃப்4. பக்கத்தில் இருக்கும் எஃப்5 மீட்டமைப்புப் பட்டியல். அதில் ‘எல்லாவற்றையும்’ என்று பொருள்படும் வரியை விளையாட்டாகக்கூட அழுத்தாதே.

நம்வொர்க்ஸ் கால்குலேட்டரைக் கணினியில் செருகினால் அதைப் புதுப்பிக்கும் இணையதளம் கண்டுகொள்ளவே இல்லை. இயந்திரம் பழுதா? தம்பி மகன் வேறு யாரோ எழுதிய ஃபர்ம்வேரைப் போடலாம் என்கிறான்.
— லெ போர்

முதலில் பிரவுசரைப் பாருங்கள். இந்தப் புதுப்பிப்பு வெப்யூஎஸ்பி (பிரவுசரே யூஎஸ்பி கருவியுடன் நேரடியாகப் பேசும் வசதி) வழியாக நடக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அந்த வசதி கிடையாது. குரோம் அல்லது எட்ஜ் வேண்டும். அடுத்தது கேபிள். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவுக் கேபிளில் தரவுக்கான கம்பிகளே இருப்பதில்லை. பேட்டரி ஏறுகிறது, கணினிக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். பதிப்பு எண், ‘பாராமெத்ர்’ செயலியின் ‘ஆ ப்ரொப்போ’ பகுதியில் இருக்கிறது. 16-ஆம் பதிப்பு முதல் அதிகாரபூர்வமற்ற ஃபர்ம்வேருக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். தம்பி மகனின் யோசனை சில ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது.

பைத்தானில் ‘மெமரி எரர்’ வருகிறது. ஆயிரம் எண்கள்தானே வைத்திருக்கிறேன்?
— மாணவி, சென்-பெனுவா

ஆயிரம் என்பது கணினிக்குத்தான் சிறிய எண். இந்தக் கருவிகளில் ஓடுவது சிறிய கருவிகளுக்கான பைத்தானாகிய மைக்ரோபைத்தான் குடும்பம். பல மாடல்களில் அதற்கு ஒதுக்கியிருக்கும் இடம் சில பத்துக் கிலோபைட்களே. பட்டியலில் ஒவ்வொரு உறுப்புக்கும் 4 பைட் இடம், தசம எண் என்றால் அந்த எண்ணுக்குத் தனியாக 16 பைட் வரை. ஆயிரம் தசம எண்கள் என்றால் 20 கிலோபைட். போதாததற்கு, ‘அப்பெண்ட்’ செய்து பட்டியலை வளர்க்கும்போது தொடர்ச்சியான பெரிய இடம் தேவைப்படும். மொத்தத்தில் இடம் இருந்தும் துண்டு துண்டாகக் கிடந்தால் பிழை வரும். சராசரியோ கூட்டுத்தொகையோ மட்டும் போதுமென்றால் பட்டியலே வேண்டாம், ஒரே மாறியில் கூட்டிக்கொண்டே போ. வரைபடத்துக்குத்தான் என்றால் நூறு புள்ளிகள் தாராளம்.

மாதிரித் தேர்வில் ‘மோத் எக்ஸாமென்’ (தேர்வு முறை) போடச் சொன்னார்கள். அதன்பிறகு டிஐ-யில் என் நிரல்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. மேலே விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது.
— மாணவன், சென்-லூயி

விளக்கு மின்னினால் நீ இன்னும் தேர்வு முறையில்தான் இருக்கிறாய். கணினியுடனோ இன்னொரு சிஇ-யுடனோ கேபிளில் இணைத்து அதிலிருந்து வெளியே வா. காப்பகத்தில் வைத்த நிரல்கள் திரும்ப வரும். ரேமில் விட்டவை வரும் என்று நம்பாதே. நம்வொர்க்ஸ் வைத்திருக்கும் நண்பனிடமும் சொல்லிவை: அதில் இந்த முறைக்குப் போகும்போது தரவுகள் அழியும் என்று திரையே எச்சரிக்கும், எல்லோரும் படிக்காமல் ‘சரி’ கொடுத்துவிடுகிறார்கள்.