‘ஓம் அக்கா’

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் சிலர் இணையவழியில் நடத்தும் வழிகாட்டல் திட்டம் ஒன்றில் போன வருடக் கடைசியில் ‘மென்டராக’ச் சேர்ந்தேன். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு கிராமத்தில் உயர்தரம் கலைப்பிரிவு படிக்கும் தங்கச்சி ஒருத்தியைத் தந்தார்கள். கிழமைக்கு ஒரு தடவை சூமில் கதைக்க வேண்டும். ஆறு மாதம்.

அறிவுரை சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள், இலக்கை அவளே சொல்லட்டும், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று கையேட்டில் இருக்கிறது. நான் எதைக் கேட்டாலும் அவள் ‘ஓம் அக்கா’ என்பாள். ‘உங்களுக்கு என்ன விருப்பம்?’ என்றால் ‘நீங்க சொல்லுங்க அக்கா’. மாசி மாதம் மூன்று கிழமை அவள் வரவேயில்லை. விதிப்படி நீக்க வேண்டும் என்றார்கள், நான் கெஞ்சித்தான் வைத்திருக்கிறேன். இப்போது ஆறு மாதம் முடியப்போகிறது. அதற்குப் பிறகு தொடர்பு வைக்கக் கூடாதாம்.

இந்த மென்டர் விஷயம் நமக்கு ஒத்துவராத ஒன்றா? குரு சிஷ்ய மரபு உள்ள நமக்கு இது எதற்கு?

க.

அன்புள்ள க.,

மாசி மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாவிக்கு மேற்கே, அவள் இருக்கும் படுவான்கரையில் அது பெரும்போக நெல் வெட்டுக் காலம். தாய் தகப்பன் வயல் வட்டைக்குப் போயிருப்பார்கள், வீட்டில் சின்னதுகளுக்குச் சோறு காய்ச்சியவள் அவளாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் வீட்டிலுள்ள ஒரே போன் அப்பாவோடு வட்டைக்குப் போயிருக்கும். மூன்று தடவை வராவிட்டால் நீக்கு என்று எழுதியவருக்கு வேளாண்மை தெரியாது, அது அவர் குற்றமில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் கிடப்பது ஒரு வாவிதானே.

குரு சிஷ்ய மரபு என்று பொதுவாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். நம்மூரில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கூத்துக்குச் சட்டம் கொடுக்கும்போது, அதாவது ஆளுக்கு ஆள் பாத்திரத்தின் பாட்டு ஏட்டைக் கொடுக்கும்போது, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் யாரிடமும் ‘உனக்கு என்ன விருப்பம்’ என்று கேட்பதில்லை. குரலைக் கேட்பார், உயரத்தைப் பார்ப்பார், கால் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். ‘நீ தருமர், நீ வீமன்’ என்று சட்டம் கைக்கு வந்துவிடும். உங்கள் கையேட்டின்படி அவர் பெரிய பிழை செய்கிறார். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குவார். அரங்கேற்றத்தன்று ஆளை ஆடவிட்டு ஒதுங்கிப் போகமாட்டார். வட்டக் களரியின் நடுவில் மத்தளத்தோடு விடியும்வரை நிற்பார். ஆடுபவன் வரியை மறந்தால் பிற்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுப்பார்கள், பார்த்திருப்பவர்களுக்குத் தெரியவும் வராது.

நான் பிடித்துக்கொள்வது அந்த நிற்றலை மட்டும்தான். மற்றதைப் புகழ முடியவில்லை. அந்த மரபில் நெடுங்காலம் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள், உங்களைப் போன்ற ஒரு பிள்ளைக்குச் சட்டமே கிடைத்திருக்காது. எதிர்க்கேள்வி கேட்டவனுக்கும் நல்ல இடம் இருந்ததில்லை. மூத்தவர் சொன்னால் இளையவர் கேட்க வேண்டும் என்பதைத் தனியே பிடுங்கி எடுத்து வளர்த்தால் என்ன முளைக்கும் என்று கம்பஸில் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பகிடிவதை செய்கிற சீனியரும் ‘பாசம் வளரத்தான்’ என்றுதான் சொல்கிறார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. பாசம் மட்டும் இன்னும் குறைந்தபாடில்லை.

மென்டர் என்ற சொல்லுக்கும் பெரிய பவித்திரம் ஒன்றுமில்லை. கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் ஒரு கிழவரின் பெயர் அது. போருக்குப் போன ஒடிசியஸ் வீட்டுப் பொறுப்பை அவரிடம்தான் விட்டுப்போகிறான். அந்த வீட்டில் நடந்த அநியாயத்தை அவரால் நிறுத்த முடியவில்லை. அவன் மகனுக்கு உண்மையில் துணை போனது அவருடைய உருவத்தில் வந்த அதீனா என்ற தெய்வம். பெயர் கிழவருக்கு, வேலை அம்மனுக்கு! நம்மூரிலும் அப்படித்தான், பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் பாதிப்பேர் பெயர் தெரியாத அக்காமார்.

சரி, ஆறு மாதத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைத் தொந்தரவு செய்தது அந்தக் கணக்குத்தான்.

அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பெயரைக் கவனியுங்கள், அண்ணாமார் அக்காமார். 1904இல் நியூயோர்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த ஏர்னெஸ்ட் கோல்டர், அங்கே வந்த பையன்களுக்கு ஆளுக்கொரு பெரியவரைத் துணை தேடிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. 1995இல் அதைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. எட்டு நகரங்களில் 10 முதல் 16 வயது வரையான 959 பிள்ளைகள். பாதிப்பேருக்கு உடனே துணை கொடுத்தார்கள், மற்றவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் துணை கிடைத்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போடுவது குறைந்திருந்தது, போதைப்பொருளைத் தொட்டவர்களும் குறைவு. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த இடத்தை.

அதே தரவுகளை 2002இல் ஜீன் குரோஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கால அளவைப் பிரித்துப் பார்த்தார்கள். நன்மை பெரும்பாலும் ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் இருந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பிருந்ததைவிடக் கீழே போயிருந்தது. ஆளே வராமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த இறக்கம் வந்திராதோ என்னவோ.

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2005இல், கடல் வந்து போன அடுத்த வருடம், ஓர் அமைப்பு என்னையும் வளவாளராகச் சேர்த்தது. நாவலடிப் பக்கத்துப் பையன் ஒருவன், பதின்மூன்று வயது. சனிக்கிழமைகளில் போவேன். முதல் மாதம் அவன் வாயே திறக்கவில்லை. இரண்டாம் மாதம் தூண்டில் கட்டக் காட்டித் தந்தான். மூன்றாம் மாதம் கொப்பியைக் கொண்டுவந்து கணக்குக் கேட்டான். நான்காம் மாதம் நிதி முடிந்தது. நிறைவு விழாவில் எனக்கு ஒரு சான்றிதழும் அவனுக்கு ஒரு புத்தகப்பையும் தந்தார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. சைக்கிளில் அரைமணி நேர ஓட்டம்தான், யாரும் தடுக்கவுமில்லை. திட்டம் முடிந்துவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன். அவன் அடுத்த சனிக்கிழமை ஒழுங்கை முகப்பில் வந்து நின்றான் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். சான்றிதழ் இன்னும் எங்கோ கிடக்கிறது.

அப்புறம், ‘ஓம் அக்கா’. அதைத் தோல்வி என்று எடுக்காதீர்கள். நம் பிள்ளைகள் வாயில் அதற்குக் குறைந்தது நாலு பொருள். விளங்கிவிட்டது, விளங்கவில்லை, போதும் விடுங்கள், உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லும் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். அக்கா என்று அழைக்கிற வாயை உங்கள் பெயரைச் சொல்லவைத்தால் அவள் நெருங்கி வரமாட்டாள், விறைத்துப் போவாள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் பள்ளிக்கூடங்களில் வழிகாட்டலையே மூத்த உடன்பிறப்பு, இளைய உடன்பிறப்பு என்ற சொற்களால்தான் சொல்கிறார்கள், துஆகானா, தெய்னா என்று. அதில் எனக்குப் பிடித்தது, இளையவருக்கு ஒரு விஷயம் கூடத் தெரிந்தால் அந்த நேரத்துக்கு அவர் மூத்தவர் ஆகிவிடலாம். நம் அக்கா தங்கச்சி உறவில் இந்த இடம்மாற்றத்தை நாம் லேசில் விடுவதில்லை.

ஆகவே அறிவுரை வேண்டாம் என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இலக்கு என்ன என்றும் கேட்காதீர்கள். மூன்று வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று கேட்டால் எனக்கே பதில் வராது. வெட்டு எத்தனை நாள் எடுத்தது, மெஷின் கூலி என்ன, மழை கெடுத்ததா என்று கேளுங்கள். அதில் நீங்கள் மாணவி. நான்கு வசனம் சேர்ந்தாற்போல் அவள் கதைப்பது அப்போதுதான் கேட்கும். பொருளியல் பாடத்துக்கு அங்கிருந்தே போகலாம்.

தொடர்பு வைக்கக் கூடாது என்ற விதியை முட்டாள்தனம் என்று தள்ளாதீர்கள். ‘நம்ம வாத்தியார்தானே’ என்று விட்டு நம்மூரில் எத்தனை பிள்ளைகள் வாய்திறக்க முடியாமல் போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஒளித்துச் செய்ய வேண்டாம். அமைப்புக்கு எழுதுங்கள், பரீட்சை முடியும்வரை நீடிக்க விரும்புகிறேன், தாய்க்குத் தெரிந்து, தாயின் போனில் மட்டும் கதைப்பேன் என்று. அவர்கள் மறுத்தால், போகப்போகிறேன் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், கடைசி நாளையும் சொல்லுங்கள். சம்மதித்தால் கிழமைக்கொரு தடவை என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களுக்கும் பரீட்சை இருக்கிறது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். அதைத் தவறவிடாதீர்கள்.

சம்மதம் கிடைத்தால் ஒரு தடவை நேரில் போய் வாருங்கள். எங்கள் காலத்தில் மண்முனையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடப்போம், 2014இலிருந்து பாலம் இருக்கிறது. தாயிடம் முதலே சொல்லிவிட்டுப் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்.