சாதாரண ஆட்கள் அமைச்சருக்குக் கடிதம் எழுதி என்ன பயன்?

இலங்கையில் அஷ்ரப் அமைச்சராக இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இருந்த புத்தளம் அகதி முகாம்களில் இருந்து அவருக்குப் போன கடிதங்களில் என்ன எழுதினார்கள், அதனால் யாருக்காவது பிரயோசனம் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கொஞ்சக் கடிதங்களை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பக்கம். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் எங்கள் முஸ்லிம் ஆட்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது நான் ஒஸ்மானியாக் கல்லூரியில் எட்டாம் ஆண்டு. அதன் பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில்தான். 1994 இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் கப்பல், துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார். புனர்வாழ்வு அவர் கையில் என்றதும் முகாமே கடிதம் எழுதப் புறப்பட்டது. என் கையெழுத்து நல்லது என்பதால் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் கொட்டிலில்தான் கூட்டம்.

காசு கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்டது குறைவு. பக்கத்துக் கொட்டில் மாமிக்கு வேண்டியது ஒரு தையல் மெஷின். ஆனால் கடிதத்தில் பாதி அவருடைய வீடு: வாசலில் இரண்டு தென்னை, பின்னால் மூன்று குடும்பத்துக்குப் பொதுக் கிணறு. நான் சுருக்கப் பார்த்தேன். "அதையும் எழுது மகன், அவருக்கு எங்கட வீடு தெரியாதுதானே" என்றார். எழுதினேன்.

தையல்காரர் ஒருவர் கேட்டது இன்றும் மனதை அறுக்கிறது. தமிழ்க் குடும்பம் ஒன்று தந்த கலியாண உடுப்பு கடையில் பாதி தைத்தபடி கிடந்ததாம். தன்னைக் கள்ளன் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது, எப்படியாவது சொல்லச் சொல்லி அமைச்சருக்கு எழுத வேண்டும் என்றார்.

சிலருக்குக் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அதைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வைத்தார்கள். பலருக்கு ஒன்றும் வரவில்லை. கடிதத்தால் யாருக்கும் வீடு திரும்பக் கிடைக்கவில்லை, அதை நேராகவே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. 2000 செப்டம்பர் 16 இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து அவர் மௌத்தானபோது, முத்திரை ஒட்டியும் போடாத ஒரு கடிதத்தோடு ஒருவர் வந்து, "இனி இதை ஆருக்கு அனுப்புறது தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வாப்பா ஒரு வேலை செய்திருந்தார். ஒவ்வொரு கடிதத்துக்கும் கார்பன் வைத்து எழுதச் சொல்லி, பிரதிகளை பிஸ்கட் டின்னில் சேர்த்தார். காணி உறுதிப் பத்திரத்தின் இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், நாலு பக்க எல்லை, ஞாபகம் இருப்பதெல்லாம் கடிதத்தில் வரவேண்டும் என்பது அவர் கண்டிப்பு. போர் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது பலரிடம் உறுதி இல்லை. எங்கள் நாட்டில் அடுத்தவர் காணியை 10 வருடம் தடையின்றி வைத்து அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். போரால் பெயர்ந்தவர்களுக்கு அதிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டம் 2016 இல்தான் வந்தது. அப்போதும் தன் காணி எது என்று காட்ட வேண்டுமே. அந்தப் பிரதிகளில் இருந்த இலக்கத்தை வைத்துச் சிலர் காணிக் கந்தோரில் உறுதியின் நகல் எடுத்தார்கள்.

மாமி புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். போன வருடம் அவருடைய மகள் வந்திருந்தார், பிரதியைக் கொடுத்தேன். தென்னைகள் இல்லை, சுவரும் இல்லை. கடிதத்தைக் கையில் பிடித்தபடி பற்றைக்குள் நடந்து, கிணற்றைக் கண்டுபிடித்தார்.